கேள்வித்தாளில் நான் போட்ட பூஜ்யங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளையோர் மனநல ஆய்வுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தகவல்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 192 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2021-இல் வெளிவந்த தொகுப்பாய்வை எடுத்துக்காட்டியிருந்தீர்கள். மனநலக் கோளாறு வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் 14 வயதுக்குள்ளும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு 18 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது, பதினான்கரை வயதில்தான் உச்சம் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. கடைசிப் பத்தியில் ஒரு வரி மட்டும் போகிற போக்கில் வந்து போனது: “குடும்பத்தினரின் ஒத்துழைப்பும் அவசியம்.” அந்த ‘ஒத்துழைப்பு’ என்ற சொல்லுக்குள் இரண்டு வருடமாகக் குடியிருப்பவன் நான். அதனால் இந்தக் கடிதம்.

என் மகளுக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு 17 வயது. சிகிச்சை ஆரம்பித்து நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். ஓர் ஆய்வில் கலந்துகொள்ளச் சம்மதமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். சம்மதித்தோம். தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரவைத்து எனக்கு 22 கேள்விகள் கொண்ட ஒரு தாளும் அவளுக்கு 9 கேள்விகள் கொண்ட ஒரு தாளும் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேனா. முதலில் நான் எழுத ஆரம்பித்தேன். அவள் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“அவர் அருகில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா?” 0 என்றால் ஒருபோதும் இல்லை, 4 என்றால் ஏறக்குறைய எப்போதும். 0-ஐச் சுற்றி வட்டம் போட்டேன். “அவரால் உங்களுக்கென்று நேரமில்லாமல் போகிறதா?” 0. “அவரைக் கவனிக்கும் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட்டால் தேவலை என்று தோன்றுகிறதா?” இந்தக் கேள்வியில் பேனா நின்றது. பக்கத்தில் அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. 0 போட்டேன். வேறு என்ன போட முடியும்? எதிர்காலத்தை நினைத்துப் பயம் உண்டா என்ற கேள்விக்கு மட்டும், அதற்கும் பூஜ்யம் போட்டால் மனிதனே இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று 2 போட்டேன். இன்னும் இரண்டு மூன்று இடங்களில் 1. மொத்தம் 88-க்குக் கூட்டிப் பார்த்தால் ஐந்துதான் வந்தது.

அந்த வாரத்தில் நான் எப்படி இருந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டு வாசல் படியில் கால் மணி நேரம் நிற்பேன். உள்ளே போகத் தைரியம் வர வேண்டும். மாத்திரை அட்டைகள் என் அலுவலகப் பையில்தான் இருக்கும், வீட்டில் வைக்கமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் அறை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். மனைவி மூன்றரைக்கு எழுந்து போய் நிற்பாள். இந்த முறைவைப்பை நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுவாக அமைந்தது. ஆய்வின் கணக்கில் இந்த வீட்டின் பாரம் ஐந்து.

பிறகு அந்தத் தாளைப் பற்றித் தேடிப் படித்தேன். அது ஸ்டீவன் சாரிட் என்ற உளவியலாளரின் குழு 1980-இல் அறிமுகப்படுத்திய பராமரிப்புச் சுமை அளவுகோல். ஞாபகமறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக உருவானது. நல்ல கருவிதான், உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் அதில் ஒரு கேள்வி: “நீங்கள் ஒருவர்தான் கதி என்பதுபோல அவர் உங்களையே எதிர்பார்க்கிறாரா?” எண்பது வயதுப் பெரியவரைக் கவனிக்கும் மருமகளிடம் கேட்டால் அது சுமையைக் கேட்கும் கேள்வி. பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டால்? ஆமாம் என்பதில் பாரமும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு. என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றுமே எதிர்பார்க்காமல் கிடந்த நாட்கள்தான் எங்களுக்குக் கொடுமையான நாட்கள். அந்த நாட்களில் இந்தக் கேள்விக்கு உண்மையாகவே பூஜ்யம்தான் போட்டிருக்க வேண்டும்!

குடும்பங்களை ஆராய்ச்சி பார்த்த விதத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது எங்களுக்கு அவ்வளவு மரியாதையான வரலாறு இல்லை. 1940-களின் இறுதியில், மனச்சிதைவு நோய்க்குத் தாய் வளர்த்த விதமே காரணம் என்ற கருத்து மனநல மருத்துவத்தில் வேரூன்றியது. ஆட்டிசத்துக்கும் பாசம் வறண்ட தாய்மீதே பழி விழுந்தது. அந்தப் பழி பொய் என்று ஆகப் பல வருடங்கள் பிடித்தன. அதற்குள் எத்தனை தாய்மார்கள் குமைந்து போனார்களோ.

1950-களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் வேறு கோணத்திலிருந்து வந்தார். மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தவர்களிடமோ தங்கும் விடுதிக்கோ போனவர்கள் ஓரளவு நன்றாக இருப்பதைக் கவனித்தார். வீட்டில் குத்திப் பேசுவது, வெறுப்பு, அளவுமீறித் தாங்குவது எல்லாம் நோய் திரும்புவதோடு எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று அளந்தார். முதல்முறை இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது, மறுபடியும் நம்மைத்தான் சொல்கிறார்களோ என்று. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அவர்கள் அளந்த முறையை. வீட்டிலிருப்பவரைத் தனியே உட்காரவைத்து, நோயாளி பக்கத்தில் இல்லாமல், மணிக்கணக்கில் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். என்ன சொன்னார் என்பதோடு எந்தக் குரலில் சொன்னார் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் முன்னால் அந்தப் பொறுமை இருந்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒரு தாழ்வாரமும் அரைப் பேனாவும்.

இவன் பெரிதாக அலட்டிக்கொள்கிறான், ஒரு தாள் தப்பாகப் போனால் ஆய்வே போய்விடுமா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கணவனையோ மனைவியையோ பராமரித்து, அதைச் சுமையாக உணர்வதாகச் சொன்ன முதியவர்களிடையே, நான்கு வருடங்களில் இறக்கும் ஆபத்து, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63% அதிகம் என்றது. பராமரித்தும் சுமையில்லை என்று சொன்னவர்களிடம் அப்படித் தெளிவான உயர்வு தெரியவில்லை. 2013-இல் இன்னொரு பெரிய ஆய்வு அதற்கு நேர்மாறாக, பராமரிப்பவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 18% குறைவு என்றது. இரண்டுமே நேர்மையான ஆய்வுகள்தான். பராமரிப்பு என்பதே ஆளைக் கொல்வதில்லை, அது பாரமாக அழுத்தும்போதுதான் கொல்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால், அழுத்துகிறதா என்று கேட்கும்போது வரும் பதிலில்தான் எல்லாமே நிற்கிறது. அந்த இடத்தில் என்னைப் போன்றவர்கள் போடும் பூஜ்யங்கள் எங்களை எந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும்?

உடம்பு பொய் சொல்லாது. 1995-இல் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. ஞாபகமறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி காயம் போட்டார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. பேனா கொடுத்துக் கேட்டிருந்தால் அவர்களிலும் பாதிப் பேர் “எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்றிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

என் மகள் கதைக்கு வருகிறேன். சிகிச்சை பிடித்துக்கொண்டது. இப்போது அவளுக்கு 19. முன்பைவிட எவ்வளவோ பரவாயில்லை. சில மாதங்களுக்கு முன் துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்: “அப்பா, அந்த ஃபார்ம்ல நீங்க எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டீங்கல்ல?”

“நீ பாத்தியா?”

“பாக்காம? அதப் பாத்துட்டுதான் நானும் கடைசிக் கேள்விக்கு பூஜ்யம் போட்டேன்.”

அவள் தாளில் இருந்த அந்த ஒன்பதாவது கேள்வி என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடந்த இரண்டு வாரத்தில் செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்று கேட்கும் கேள்வி அது. நான் அவளுக்காகப் பொய் எழுதினேன், அவள் எனக்காக. நல்லவேளை, அடுத்த வாரமே ஆலோசகர் அவளைத் தனியாக வைத்துப் பேசியதில் விஷயம் வெளியே வந்தது. மடித்துக்கொண்டிருந்த சட்டையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆய்வாளர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. இளையவரையும் வீட்டாரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இப்போது ஒன்று இளையோர் ஆய்வுக்கும் இன்னொன்று பராமரிப்பாளர் ஆய்வுக்குமாகப் போய், ஒரே வீடு இரண்டு அலமாரியில் கிடக்கிறது. முடிவு என்ன வந்தது என்று எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதுவரை யாரும் சொல்லவில்லை.

இன்னொருவனையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவள் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு டிவி சத்தத்தை எவ்வளவு வைக்கலாம் என்று தெரிந்துவைத்திருப்பவன். நானும் மனைவியும் வெளியே போனால், கேட்காமலே அவள் அறை வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வான். இப்படிப்பட்ட பிள்ளைகளை ஆய்வுலகம் இளம் பராமரிப்பாளர்கள் என்கிறது. பெயர் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அந்த பெஞ்சில் மூன்றாவது ஆளாக அவனும் இருந்தான். அவனுக்கு யாரும் தாள் கொடுக்கவில்லை. இப்போது அவனுக்கு 14 வயது. உங்கள் கட்டுரையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்களே, அதே வயது.

அடுத்த மாதம் இரண்டாவது சுற்றுக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். இந்த முறை ஆளுக்கொரு பேனா எடுத்துப்போகிறோம். அவள் மாடிப்படிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாளாம், என்னை ஜன்னல் பக்கம் போகச் சொல்லியிருக்கிறாள். தம்பிக்கும் ஒரு தாள் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை
(பெயர் வெளியிட வேண்டாம்)