எம்டன் நினைவு மாலைப்பொழுதுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை சொந்தங்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 22 அன்று சாயங்காலம் நம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் உலகப் போரில் சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றி உயர்நீதிமன்ற கிழக்குச் சுவரில் இருக்கும் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே போர் நினைவுச் சின்னம் வரைக்கும் நடந்தோம். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். யார் பெயரையும் போடவில்லை. ஒருவரை விட்டுவிட்டால்கூட வருஷம் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டும்.

முதல் கும்பிடு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவருக்கு. 1914-ல் அதே தேதி இரவு ஒன்பதரை வாக்கில் எம்டன் வந்து நின்றதையும், ஏறக்குறைய 130 குண்டுகள் போட்டதையும், பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள் பற்றி எரிந்ததையும் அவர் சொன்னபோது ஒரு பிள்ளைகூட செல்போனைத் தொடவில்லை. அப்போது கலங்கரை விளக்கம் இருந்ததே உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான். ஊரில் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. குறி பார்க்க வேறென்ன வேண்டும்? "நம்மள ஏன் சுட்டாங்க தாத்தா?" என்று ஒரு பொடியன் கேட்டான். "நம்மள இல்லடா, வெள்ளைக்காரன் எண்ணெயை. ஆனா செத்தது கப்பல்ல வேலை பார்த்தவன்" என்றார். துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்த குறைந்தது ஐந்து மாலுமிகள். அவர்களுக்காகத்தான் கல்வெட்டின் கீழே மல்லி வைத்தோம்.

அந்த மல்லியைப் பூக்கடை அக்கா நெருக்கமாகக் கட்டி, வாழை நாரில் முடிச்சுப் போட்டு, ஈரத்துணி சுற்றித் தந்தார். காசை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார். அக்கா, அடுத்த தடவை வாங்கித்தான் ஆக வேண்டும்.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் எம்டன் கப்பலில் வந்தார் என்று வழக்கம்போல ஒருவர் ஆரம்பித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. சண்டை வராமல் அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிய டீச்சருக்குத் தனி நன்றி.

போர் நினைவுச் சின்னத்தில் வியாசர்பாடி பட்டாளத்து ஐயா பொறுப்பை எடுத்துக்கொண்டார். முதல் உலகப் போர் வெற்றிக்காக எழுப்பியது, பின்னால் இரண்டாம் போரும், 1948 காஷ்மீர், 1962 சீனா, 1965 பாகிஸ்தான் என்று நம் நாட்டுப் போர்களும் அதில் சேர்ந்தன என்று அவர் வரிசையாகச் சொன்னார். குடியரசு தினத்தன்று ஆளுநர் மலர்வளையம் வைப்பதை டிவியில் பார்க்கிறோம். மற்ற நாளில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. "வார் மெமோரியல் ஸ்டாப்" என்று இறங்குகிற நமக்கே அது யாருக்காக நிற்கிறதென்று தெரியாமல் இருந்தது எனக்கு உறுத்தல்தான். ஐயா பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லி, ஒரு நிமிஷம் மௌனமாக நிற்க வைத்தார். நடுவில் ஹாரன் அடித்த ஷேர் ஆட்டோவை அவர் முறைத்த முறைப்பு தனிக்கதை.

ரோட்டைக் கடக்க வழி செய்து கொடுத்த டிராஃபிக் காவலர்களுக்கும், தண்ணீர் கேன் தந்த பர்மா பஜார் கடைக்கார அண்ணனுக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய அம்மாக்களுக்கும் நன்றி. அனுமதிக் கடிதத்துக்கு எங்களை அலைய வைத்த அலுவலகத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. கடைசியில் முத்திரை குத்திக் கொடுத்த குமாஸ்தாவுக்கு மட்டும் நன்றி.

எம்டன் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய கதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழியாக வந்திருந்தால், அடுத்த செப்டம்பருக்குள் எங்களிடம் சொல்லுங்கள். நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறோம்.

அன்புடன்,
ராயபுரம் நண்பர்கள் சார்பில்