வீட்டு ஆர்கேட் பெட்டிக்கு முதலில் திரையைத் தேர்ந்தெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியைப் போன்ற ஆர்கேட் விளையாட்டுப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்வது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மரப்பலகை, ஜாய்ஸ்டிக், பொத்தான்கள் ஆகியவற்றை அக்கறையுடன் விளக்கிய கட்டுரையாளர், வலிமையான வீடியோ கார்டு (கணினியில் திரைக்கான படத்தை உருவாக்கும் பகுதி) ஒன்றை வாங்கிக் கையில் இருக்கும் மானிட்டருடன் இணைத்தால் போதும் என்று முடித்திருக்கிறார். அதை அப்படியே பின்பற்றுவோர் பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

1980-இல் வந்த பேக்-மேன் விளையாட்டின் படம் 224-க்கு 288 பிக்சல்கள் மட்டுமே. இத்தகைய ஆட்டங்களை மேம் போன்ற எமுலேட்டரில் (பழைய கருவியைப் போலவே நடந்து அதன் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளில்) இயக்கும்போது வேலையின் பெரும்பகுதி ப்ராசஸரின் மேல் விழுகிறதே தவிர, வீடியோ கார்டின் மேல் அன்று. பழைய படக்குழாயின் தோற்றத்தைக் காட்டும் ஷேடர்களை (படத்தின் தோற்றத்தை மாற்றும் சிறு நிரல்களை)ப் பயன்படுத்த விரும்புவோருக்குத்தான் ஓரளவு திறனுள்ள கார்டு தேவைப்படும். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது திரை; கார்டு அதற்கு ஏற்ப அமைய வேண்டும்.

படக்குழாய் கொண்ட பழைய ஆர்கேட் மானிட்டரையே பொருத்த விரும்புவோர் கவனிக்க வேண்டியவை அதிகம். அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸ் கிடைமட்ட அலைவெண்ணில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 15,000 கிடைக்கோடுகள் வரையும் வேகத்தில், இயங்குபவை; கணினியின் விஜிஏ வெளியீடோ (மானிட்டருக்கான பழைய வகை இணைப்போ) 31 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. இரண்டையும் நேரடியாக இணைத்தால் படம் கலைந்து தெரியும். சில மானிட்டர்கள் பழுதாகவும் கூடும். கணினி இயங்கத் தொடங்கும் முதல் சில நொடிகளில் வரும் படமும் 31 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிஆர்டி எமுடிரைவர் என்னும் மாற்றியமைக்கப்பட்ட டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), ஏஎம்டி நிறுவனத்தின் பழைய ரேடியான் கார்டுகள் பலவற்றை 15 கிலோஹெர்ட்ஸ் படத்தைத் தரச் செய்கிறது. அதற்குக் கார்டில் விஜிஏ போன்ற அனலாக் வெளியீடு இருப்பதே எளிய வழி. என்விடியா நிறுவனத்தின் கார்டுகளில் ஜிடிஎக்ஸ் 10 வரிசை தொடங்கி அனலாக் வெளியீடு நீக்கப்பட்டுவிட்டது. எனவே இந்த வேலைக்குப் புதிய, விலையுயர்ந்த கார்டைவிடப் பழைய ரேடியான் எச்டி 5000 வரிசைக் கார்டே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

எல்சிடி திரையை நாடுவோர் அளவை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. அக்கால ஆட்டங்கள் 4:3 விகிதத்தில் காட்டப்பட்டவை. 1920-க்கு 1080 அகலத்திரையில் அவற்றுக்குக் கிடைப்பது நடுவில் 1440 பிக்சல் அகலம்தான். 240 வரிகள் கொண்ட படத்தை 1080-க்குப் பெருக்கினால் நாலரை மடங்கு ஆவதால் சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். 1600-க்கு 1200 அளவுள்ள பழைய 4:3 மானிட்டரில் அது சரியாக 5 மடங்கு. 1440 வரிகள் கொண்ட திரையில் 6 மடங்கு. பேக்-மேன் போன்ற நெட்டுவாக்கு ஆட்டங்களுக்காகத் திரையைத் திருப்பி வைப்போர் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை எல்சிடியையே வாங்க வேண்டும். டிஎன் என்னும் மற்றொரு எல்சிடி வகைத் திரையைத் திருப்பினால், பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஆட்டக்காரருக்கு நிறமே மாறித் தெரியும்.

படம் நொடிக்கு எத்தனை முறை மாற்றி வரையப்படுகிறது என்னும் புதுப்பிப்பு வீதத்தைக் கட்டுரை தொடவே இல்லை. மோர்ட்டல் காம்பாட் என்னும் ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 54.7 முறையும், ஆர்-டைப் என்னும் ஆட்டம் 55 முறையும் படத்தைப் புதுப்பிக்கின்றன. 60 ஹெர்ட்ஸில் நிலைத்த திரையில் இவை ஒன்று விட்டுவிட்டு நகரும், அல்லது ஆட்டம் உரிய வேகத்தைவிட விரைந்து ஓடும். ஆட்டத்தின் வீதத்துக்கு ஏற்பத் திரையும் தன் வீதத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் போன்ற வசதி கார்டு, மானிட்டர் இரண்டிலும் இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கார்டுக்குக் கூடுதலாகச் செலவிட எண்ணுவோர் அந்தத் தொகையை இத்தகைய மானிட்டருக்குத் திருப்பலாம்.

இறுதியாக, ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். படக்குழாய் மானிட்டரின் உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் அது தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் அதைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை, இந்தப் பொருளில் அடுத்து வரும் கட்டுரையிலேனும் தெளிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்