கோடைப் பருவத்தில் கல்லூரி தொடங்கும் மகளுக்கு

அன்பு மகள் யாழினிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்து அறையும் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கோடைப் பருவங்களில், சி எனப்படும் 8 வாரப் பருவத்தில் பதிந்திருக்கும் சிஎஸ் 61ஏ என்ற கணினி நிரல் பாடத்தோடு, ஜூலையில் தொடங்கும் டி எனப்படும் 6 வாரப் பருவத்தில் ஆர்1ஏ எழுத்துப் பாடத்தையும் சேர்த்துக்கொண்டால் இலையுதிர் பருவம் லேசாகுமே என்கிறாய். வேண்டாம் கண்ணு. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

பெர்க்லியில் ஒரு யூனிட் என்றால் 15 வாரப் பருவத்தில் வாரத்துக்கு 3 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காருவது, அறையில் படிப்பது இரண்டும் இதில் அடக்கம். ஆக, யூனிட்டுக்கு 45 மணி நேரம். 61ஏ 4 யூனிட், அதாவது 180 மணி. அதை 8 வாரத்தில் முடிக்க வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி நேரம் வேண்டும். ஆர்1ஏவும் 4 யூனிட்தான், ஆனால் டி பருவம் 6 வாரம், அதனால் வாரத்துக்கு 30 மணி. ஏற்கெனவே எடுத்திருக்கும் 2 யூனிட் பாடத்துக்கு வாரம் 11 மணிக்குக் கொஞ்சம் மேலே. மூன்றையும் கூட்டினால் 60ஐத் தாண்டிவிடுகிறது. இதுவும் எல்லாம் ஒழுங்காக ஓடினால்தான். ஆர்1ஏவில் திருத்தி எழுதுவதையும் சேர்த்து 32 பக்கமாவது எழுதியாக வேண்டும். அதைவிட முக்கியம், சி, டி இரண்டு பருவமும் ஆகஸ்டில் ஒரே நாளில் முடிகின்றன. 61ஏவின் கடைசி ப்ராஜெக்ட், இறுதித் தேர்வு, ஆர்1ஏவின் கடைசிக் கட்டுரை மூன்றும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஆர்1ஏவை இலையுதிர் பருவத்தில் எடு. 15 வாரத்தில் ஒரு கட்டுரையை எழுதி, ஆறப்போட்டு, திருத்தி எழுத முடியும். எழுத்துக்கு அந்த இடைவெளி தேவை.

கோடை வகுப்பு சுலபம் என்று அங்கே சிலர் சொல்வார்கள். பாடத்திட்டம் ஒரு வரிகூடக் குறைவதில்லை. குறைவது, படித்தது மனதில் படிவதற்கான நாட்கள். மற்றப் பருவங்களில் தேர்வுக்கு முன் ஒரு வாரம் வகுப்பில்லாமல் படிக்க விடுவார்கள், கோடையில் அந்த வாரமே கிடையாது. மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் சாதாரணப் பருவத்தின் ஒரு வாரப் பாடம் போய்விடும். அதனால் ஒரு வகுப்பு விட்டுப்போனால் அன்று இரவே பதிவைப் பார்த்துவிடு. சனி, ஞாயிறில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே, அந்த இரண்டு நாளும் ப்ராஜெக்டுக்கே போய்விடும்.

61ஏவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதே விஷயங்களை இங்கே பிள்ளைகளுக்கு நடத்துகிறவள் என்பதால். பைத்தான் மொழியில் தொடங்கி, ஸ்கீம், எஸ்க்யூஎல் என்ற கணினி மொழிகள் வரை போகும் பாடம் அது. ஹாக், கேட்ஸ், ஆன்ட்ஸ், ஸ்கீம் என்று நான்கு பெரிய ப்ராஜெக்ட். ஹாக் ஒரு பகடை விளையாட்டு. கடைசியில் வரும் ஸ்கீமில் ஒரு மொழியை இயக்கும் இன்டர்ப்ரெட்டரையே நீ எழுத வேண்டும்.

முதல் வாரத்தில் தடுமாற வைப்பது ப்ரின்டுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வேறுபாடு. ஃபங்ஷனுக்குள் ப்ரின்ட் போட்டால் திரையில் சரியான விடை தெரியும், ஆனால் அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவது None, அதாவது 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு மட்டும். அதை வேறொரு கணக்கில் கூட்டப் போனால்தான் பிழை வெடிக்கும். திரையில் விடை வருகிறதே, எங்கே தப்பு என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். இப்போதே மனதில் வாங்கிக்கொள்.

அடுத்தது ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது. கோடை வேகத்தில் அது இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடக்கூடும். படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், தாளில் எழுதச் சொன்னால் கை நிற்கும். இதற்கு ஒரே வழி, எந்தப் பெயருக்கு எந்த மதிப்பு என்று காட்டும் என்விரான்மென்ட் டயக்ராமைக் கையால் வரைவது. ஃபேக்டோரியல் 4ஐ, அதாவது 4×3×2×1ஐ எடுத்துக்கொள். 4ஐக் கூப்பிட்டால் அது 3ஐக் கூப்பிடும், 3 போய் 2ஐ, 2 போய் 1ஐ. ஒவ்வொரு அழைப்புக்கும் தனியாக ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு கட்டம் போடு, அதனதன் மதிப்பை அதனதன் கட்டத்துக்குள் எழுது. எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் குளோபல் ஃப்ரேமைச் சேர்க்காமல் நான்கு கட்டம் வர வேண்டும். பிறகு கீழேயிருந்து மேலாக 1, 2, 6, 24 என்று விடைகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வா. நிறுத்தும் நிபந்தனையை விட்டுவிட்டால் பைத்தான் சுமார் 1000 அழைப்பு ஆழத்தில் ரிகர்ஷன் எர்ரர் என்று நின்றுவிடும். அதைப் பார்த்தால் பதறாதே, முதலில் அந்த ஒரு வரியைச் சரிபார். இன்னொன்று, ஒரு ஃப்ரேமின் பேரன்ட், அதாவது தன்னிடம் இல்லாத பெயரைத் தேடி அது அடுத்துப் போகும் ஃப்ரேம், எது என்பது அந்த ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. எங்கிருந்து கூப்பிட்டோம் என்பதை வைத்துப் பேரன்ட்டைப் போட்டால் படம் முழுக்கத் தப்பாகிவிடும். தேர்வில் மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான்.

மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் நீயாக முயன்று பார், அதற்கு மேல் தனியாக முட்டிக்கொண்டிருக்காதே. பாடம் நடத்த உதவும் மாணவ ஆசிரியர்களான ஜிஎஸ்ஐகளின் ஆஃபீஸ் அவர்ஸ், அதாவது சந்தேகம் கேட்கும் நேரம், அதற்காகவே வைத்திருக்கிறார்கள். அங்கே போய் "புரியலை" என்று மட்டும் சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. என்ன கொடுத்தாய், என்ன விடை எதிர்பார்த்தாய், என்ன வந்தது, அதுவரை எதையெல்லாம் முயன்றாய் என்று நான்கு வரி எழுதி எடுத்துப் போ. அதை எழுதும்போதே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். கெடு தேதிக்கு முந்தைய நாள் வரிசை நீளும், ப்ராஜெக்ட் கொடுத்த மறுநாளே போனால் நிதானமாகப் பேசலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவோம். அங்கே கேட்காமல் இருப்பதைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

தோழிகளோடு பேசிப் புரிந்துகொள்ளலாம், ஆனால் எவருடைய நிரலையும் பார்த்து எழுதக் கூடாது. நிரல்களை ஒப்பிடும் மாஸ் போன்ற மென்பொருள்கள் பெயர்களை மாற்றி எழுதினாலும் ஒற்றுமையைக் கண்டுபிடித்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொரு பாடத்தின் சிலபஸிலும் விதி இருக்கும். பாடத்துக்குப் பாடம் அது மாறும், முதல் நாளே வாசித்துவிடு.

பாடத்தைச் சேர்க்க, விட, மதிப்பெண் முறையை மாற்ற எனத் தனித்தனிக் கடைசித் தேதிகள் உண்டு. கோடையில் அவை பருவத்துக்குப் பருவம் மாறும், சீக்கிரமே வந்தும்விடும். பல்கலைக்கழகத்தின் கால்சென்ட்ரல் இணையதளத்தில் பார்த்து இன்றைக்கே போனில் குறித்துக்கொள். வகுப்புக்குப் போகாவிட்டால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று நம்பாதே. நீயாக நீக்காவிட்டால் கட்டணமும் நிற்கும், எஃப் கிரேடும் விழலாம். ஆனால் நீ எஃப்-1 எனும் மாணவர் விசாவில் போனவள். பல்கலைக்கழகம் தந்த சேர்க்கைச் சான்றான உன் ஐ-20 இந்தக் கோடையிலிருந்தே தொடங்குவதால் இப்போதே முழுநேரப் படிப்பு காட்ட வேண்டும். எந்தப் பாடத்தை விட நினைத்தாலும் முதலில் பெர்க்லி இன்டர்நேஷனல் ஆஃபீஸில் அனுமதி வாங்கு, அதற்குப் பிறகுதான் கால்சென்ட்ரலில் கை வை. வரிசை மாறினால் விசா நிலைக்கே சிக்கல்.

நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94ஐ இணையத்தில் இறக்கி எஃப்-1 என்று இருக்கிறதா பார். உன் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் என்பதால் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு, அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அச்சாகியிருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு இப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை. வங்கியில் கணக்குத் தொடங்கும்போது மட்டும் பாஸ்போர்ட்டையும் ஐ-20யையும் சேர்த்தே காட்டு. வகுப்புப் பட்டியலில் உன் பெயர் ஒழுங்காக வர, கால்சென்ட்ரலில் அழைக்கும் பெயரைப் பதிந்துவிடலாம்.

கோடைக்கால விடுதி ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, இலையுதிர் பருவ அறை எந்தத் தேதியில் திறக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். நடுவில் சில நாள் இடைவெளி விழுந்தால் எங்கே தங்குவது என்று ஜூலையிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். அறை மாறிய 10 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிப்பதும் எஃப்-1 விதி. மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதையும் பல்கலைக்கழக மருத்துவ மையமான டாங் சென்டரில் கேட்டுவிடு. இலையுதிர் பருவக் காப்பீடு கோடைக்கும் சேர்த்து என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

கோடை என்றதும் ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாய். வெளியே எடு. கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறும் ஊர் அது, ஜூலையிலும் மாலையில் குளிரும். குடை வேண்டாம், அங்கே கோடையில் மழை அபூர்வம். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும். வெளிச்சம் இருக்கிறதே என்று லேபில் உட்கார்ந்துவிட்டால் டைனிங் ஹால் மூடிவிடும். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடு. அரிசி, பருப்பு, ஊறுகாய்க்கு யுனிவர்சிட்டி அவென்யூவில் இந்தியக் கடைகள் உண்டு.

வகுப்பு 10 மணி என்று போட்டிருந்தால் 10:10க்குத்தான் தொடங்கும், பெர்க்லி டைம் என்பார்கள். தேர்வுக்கு அதை நம்பாதே. தெற்குப் பக்க விடுதியிலிருந்து கணினித் துறைக் கட்டடமான சோடா ஹால் வரை நல்ல ஏற்றம், முதல் நாளுக்கு முன் ஒரு தடவை நடந்து பார்த்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொள்.

இப்போது நமக்கும் உனக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். உனக்கு இரவு 9 என்றால் இங்கே மறுநாள் காலை 9:30, எனக்கு வகுப்பு நேரம். அதனால் உன் காலை 7:30க்குக் கூப்பிடு, இங்கே இரவு 8, அப்பாவும் வீட்டில் இருப்பார். கெடு தேதி உள்ள நாளில் கூப்பிட வேண்டாம், ஒரு செய்தி போட்டால் போதும். 61ஏ சிலபஸ் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. மிட்டெர்ம் (இடைத்தேர்வு) எந்த வாரம் என்று பார்த்து, அதற்கு முந்தைய பத்து நாளை எப்படிப் பிரிக்கலாம் என்று சேர்ந்து பேசுவோம். ஆர்1ஏ பற்றி என்ன முடிவு எடுத்தாய் என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா