பள்ளி மாணவர் தச்சுப் பயிற்சி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, தச்சர் சங்க உறுப்பினர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். நான் பேசப்போவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். மேல்நிலை வகுப்பில் படித்துக்கொண்டே நம் பட்டறைகளில் தச்சு வேலையும் அலமாரி வேலையும் பழகும் பிள்ளைகளைப் பற்றி. இந்த ஆண்டு நாம் செய்த நல்லதும் கெட்டதும் அங்கேதான் கிடக்கின்றன.

முதலில் நேரம். பள்ளி விட்டதும் வாரம் மூன்று மாலை, ஒவ்வொரு மாலையும் இரண்டு மணி நேரம் என்றுதான் ஆரம்பித்தோம். காகிதத்தில் ஆறு மணி நேரம். ஆனால் பையை வைத்து, உடை மாற்றி, கருவிகளை எடுத்து மேசையில் பரப்புவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிடும். கடைசியில் பெருக்கி, துடைத்து, திரும்ப மாட்டி வைக்க இன்னொரு இருபது. நடுவில் ஒரு சட்டத்துக்குப் பசை தடவி இறுக்கிவிட்டால் போச்சு. வெள்ளைப் பசை குறைந்தது அரை மணி நேரமாவது கவ்வியில் அசையாமல் இருக்க வேண்டும், முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். பிள்ளைகள் கவ்வியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆண்டின் பாதியில் பள்ளியோடு பேசி, மூன்று மாலைக்குப் பதிலாக வாரத்தில் ஒரு முழு நாளை வாங்கினோம். எளிதில் கிடைக்கவில்லை. கணக்குப் பாடம் போய்விடும் என்று ஆசிரியர்களுக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தைப் போக்கியது நான் எழுதிய கடிதங்கள் இல்லை, ஒரு பிளைவுட் பலகை.

எட்டடிப் பலகை, நீளம் 2440 மில்லிமீட்டர். நூலகத்துக்கான அலமாரியில் நான்கு அடுக்குத் தட்டுகள் வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒவ்வொன்றும் 610 என்று வெட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். நான்கு 610 என்றால் 2440. கணக்கில் குறையே இல்லை. அவளுடைய ஆசான் மறுபேச்சுப் பேசாமல் மேசை ரம்பத்தில், பலகையை நேராக நிறுத்தும் அணையை 610-க்கு வைத்து வெட்டினார். முதல் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தன. நான்காவதை மேலே வைத்தால் ஒன்பது மில்லிமீட்டர் குட்டை. அவள் டேப்பை எடுத்து அளந்தாள், திருப்பிப் போட்டு அளந்தாள், அப்புறம், “பலகையே குட்டையா வந்திருக்கு மாஸ்டர்” என்றாள். அவர் ரம்பத்தை அணைத்துவிட்டு, அடியில் குவிந்திருந்த தூளில் ஒரு கைப்பிடி அள்ளி அவள் உள்ளங்கையில் கொட்டினார். “உன் ஒன்பது மில்லி இதுல இருக்கும்மா.”

ரம்பத்தின் பல் மூன்று மில்லி மரத்தைத் தின்கிறது. மூன்று வெட்டுக்கு ஒன்பது. பழைய ஆட்கள் இதை ஒரு நூல் என்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய அதே மூன்று மில்லிதான். ஒரு வெட்டுக்கு ஒரு நூல் போகும் என்பதை நம் தாத்தாக்கள் டேப் இல்லாத காலத்திலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். குறை விழும் என்று ஆசானுக்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம், கேட்டேன், சிரித்தார். பலகை வீணாகவில்லை, நான்கு தட்டையும் 601-ஆக்கி அலமாரியின் அகலத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் இந்தக் கதையைக் கணக்கு ஆசிரியரிடம் சொல்ல, அவர் அதையே வகுப்பில் கரும்பலகையில் போட்டிருக்கிறார். அடுத்த வாரமே முழு நாளுக்குச் சம்மதம் வந்தது.

பயிற்சி முறையைப் பற்றி உறுப்பினர்களுக்குள் இருந்த சண்டை தெரிந்ததே. முதல் ஆறு வாரம் உளியும் இழைப்புளியும் சாணைக்கல்லும் மட்டும்தான், இயந்திரப் பக்கம் போகக் கூடாது என்று நான் சொன்னேன். இது பழைய பஞ்சாங்கம், பிள்ளைகள் சலித்துப் போய் ஓடிவிடுவார்கள் என்றார்கள் சிலர். ஒரு பையன் வராமல் நின்றுவிட்டான்தான், மறைக்கவில்லை. மற்றவர்கள் உளியை 25 பாகைக்குச் சாணை பிடித்து, விளிம்பை மட்டும் 30 பாகைக்குத் தீட்டப் பழகினார்கள். கூர்மையைச் சோதிக்கக் கைமுடியை மழித்துக் காட்டும் வித்தையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மென்மரத் துண்டில் நாரைக் குறுக்கே அறுத்த முனையை, அதாவது தலைப்பக்கத்தைச் சீவினால் போதும். கூர் இருந்தால் கண்ணாடி மாதிரி வரும், இல்லாவிட்டால் நார் நசுங்கி வெள்ளையாகப் பிய்ந்து நிற்கும். தலைப்பக்கம் பொய் சொல்லாது.

கழுந்தும் துளையும், அதாவது ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு மற்றதன் துளைக்குள் இறங்கும் மூட்டு, ஓரளவு கைவந்துவிட்டன. சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்கு என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறார்கள். புறாவின் வால்போல விரிந்த பற்கள் கோத்து நிற்கும் புறாவால் மூட்டுக்கு இன்னும் நாள் ஆகும். மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, வன்மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்ற சாய்வு வாயில் வந்துவிட்டது, கையில் வரவில்லை.

கதவுச் சட்டத்தில் ஒரு தோல்வி. நடுப் பலகையைச் சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய பள்ளமான காடியில் விட்டுச் சுற்றிலும் பசை வைத்துவிட்டான் ஒரு மாணவன். பார்க்க அழகாக இருந்தது, கண்காட்சியில் முன்வரிசையில் வைத்தோம். காற்று வறண்டதும் பலகை நடுவில் மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டுவிட்டது. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, குறுக்கே அசையும். மரத்தின் ஆண்டு வளையங்களுக்குத் தொடுவாக அறுத்த பலகை, நடுவிலிருந்து வெளியே ஆரவாக்கில் அறுத்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுருங்கும். நடுப் பலகைக்குக் காடியில் மூச்சு விட இடம் வேண்டும் என்று நாங்கள் வாயால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இப்போது அந்த விரிசல் விட்ட கதவைப் பட்டறைச் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறோம், மாணவனின் சம்மதத்தோடு.

பாதுகாப்புக்கு வருகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 138-ஆம் எண், ஆபத்தான வேலைக்கு 18 வயது என்று எல்லை போடுகிறது. முழுப் பாதுகாப்பும் முறையான பயிற்சியும் இருந்தால் 16-இலிருந்து அனுமதிக்கலாம் என்று ஒரு வாசலும் விடுகிறது. நம் உறுப்பினர்கள் சிலர் வாசலை மட்டும் படித்துவிட்டு நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். குழு முடிவு செய்தது இதுதான்: மேசை ரம்பத்தை மாணவர்கள் இயக்கக் கூடாது, அளப்பதும் குறிப்பதும் அவர்கள், வெட்டுவது ஆசான். ஆசான் வெட்டும் ரம்பத்திலும் பின்பக்கப் பிளவுத் தகடு கட்டாயம். அது இல்லாவிட்டால் வெட்டிய வாய் மூடிப் பல்லைப் பிடிக்கும், மரம் திரும்பி ஆளை அடிக்கும். தகடு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி மூலையில் போடும் பழக்கம் எந்தப் பட்டறையில் இருந்தாலும் அங்கே மாணவர்களை அனுப்ப மாட்டோம்.

தூள் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. நாம் இன்னும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பெருக்குகிறோம். தூள் உறிஞ்சும் கருவிக்கான தீர்மானம் பின்னால் வருகிறது, கை தூக்குங்கள்.

ஒரு விபத்து நூலிழையில் தப்பியது, அதுவும் என் சொந்தப் பட்டறையில். மேசைப் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணிகளைப் பந்தாகச் சுருட்டித் தூள் தொட்டியில் போட்டவன் நான்தான். இந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தீயே பிடிக்கும். இதை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவனும் நான்தான். சாயங்காலம் ஒரு பெண் வந்து, “ஐயா, தொட்டியிலிருந்து ஏதோ கருகுற வாசனை வருது” என்றாள். திறந்து பார்த்தால் புகை. தண்ணீர் ஊற்றினோம். இப்போது துணிகளை விரித்துக் காயப்போடுகிறோம், அல்லது தண்ணீர் நிறைந்த மூடி போட்ட தகர டப்பாவில் போடுகிறோம். அந்தப் பெண்ணுக்கு என் நன்றி இந்த அறிக்கையில் பதிவாகட்டும்.

இனி குறை. வேலைப் பதிவேடு என்று ஒன்று கொடுத்தோம்: அன்றன்று என்ன செய்தாய், யார் சொல்லிக் கொடுத்தார், கையெழுத்து. ஒரு பட்டறையிலிருந்து வந்த பதிவேட்டில் மூன்று மாதத்துக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் போட்டது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அந்த மாணவனை உட்கார வைத்துக் கேட்டோம். மூன்று மாதமும் பெருக்கியிருக்கிறான், வண்டியில் பலகை ஏற்றியிருக்கிறான், உளியைத் தொட்டதே இல்லை. பெருக்குவது கேவலமில்லை, எல்லோரும் பெருக்கித்தான் வந்தோம். ஆனால் பதிவேட்டில் “கழுந்து வேலை” என்று எழுதியிருந்தது. பட்டறையின் பெயரைச் சபையில் சொல்லப் போவதில்லை, பேசித் தீர்த்துவிட்டோம், பையன் இப்போது வேறு இடத்தில் இருக்கிறான். இதற்கு நானும் பொறுப்பு. மூன்று மாதம் ஒரு முறைகூட அங்கே நேரில் போய்ப் பார்க்கவில்லை. இனி ஒவ்வொரு மாணவனுக்கும் எழுத்தில் ஒப்பந்தம்: எத்தனை மணி நேரம், என்ன கற்பது, என்ன ஊதியம், யார் பொறுப்பு. தொழில் பழகுவோர் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2023-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்றே சொல்கிறது.

மாணவிகள் வந்த பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. நம் பயிற்சிப் பட்டறையின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. தச்சர் சங்கம்! ஒரே நாளில் சரிசெய்யப்பட்டது, ஆனால் எத்தனை ஆண்டு அப்படியே இருந்தது என்று நான் கணக்குப் பார்க்க விரும்பவில்லை.

இறுதி ஆண்டு மாணவர்களில் பாதிப் பேர் கட்டடத் தச்சுக்கும் மீதிப் பேர் அலமாரி வேலைக்கும் போக விரும்புகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று பெற்றோர் கேட்கிறார்கள். உலகத் திறன் போட்டியிலேயே தச்சு, இணைப்பு வேலை, அலமாரி வேலை மூன்றும் தனித்தனிப் பிரிவு. கூரை போடுகிறவன் உயரத்துக்கும் வெயிலுக்கும் பழக வேண்டும். அலமாரிக்காரன் 32 மில்லி இடைவெளியில் துளை வரிசை போட்டு, 35 மில்லிக் கிண்ணக் கீல் இறக்கி, கதவுகளுக்கு நடுவில் ஒரே சீரான இடுக்கு வரும்வரை திருகிக்கொண்டிருக்க வேண்டும். எது பொறுமைக்கு ஒத்துவருகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

வரும் ஆண்டுக்கு ஆசான்கள் குறைவாக இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். மாதம் ஒரு நாள் என்றால் வேண்டாம். கடைசியாக, பயிற்சிப் பெட்டியிலிருந்து இரவல் போன முக்கால் அங்குல உளி இன்னும் வந்து சேரவில்லை. வைத்திருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். தீட்டித் திருப்பிக் கொடுக்கவும்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்