'நௌ அண்ட் தென்' பாட்டை நம்ம காதுவரைக்கும் கொண்டுவந்தவங்களுக்கு

ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோன்னு நாலு பேர் சேந்த இங்கிலாந்து இசைக்குழு பீட்டில்ஸ். அவங்களோட கடைசிப் பாட்டு 'நௌ அண்ட் தென்' 2023 நவம்பர் 2ஆம் தேதி வந்துச்சு. அதுக்குப் பின்னாடி நின்னவங்களுக்கு முறையா ஒரு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு, இப்ப எழுதிடறேன்.

முதல் நன்றி ஜானோட மனைவி யோகோ ஓனோ அம்மாவுக்கு. 70களோட கடைசியில நியூயார்க் டகோட்டா பில்டிங்ல தன் வீட்டுல ஜான் லெனன் பியானோ வாசிச்சுகிட்டே சாதாரண கேசட்ல பாடி வச்ச பாட்டு இது, 1980 டிசம்பர்ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க, அதுக்கப்புறம் அந்தக் கேசட்டு பெட்டியிலயே கிடந்திருந்தா யாரு போயி கேட்டிருப்பா? 1994ல அதைப் பால் மெக்கார்ட்னி கையில குடுத்தீங்களே அம்மா, எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுது. ஜான் அதே மாதிரி பாடி வச்சிருந்த 'ஃப்ரீ அஸ் எ பேர்ட்', 'ரியல் லவ்' ரெண்டும் அப்படித்தான் 1995லயும் 96லயும் வெளிய வந்துச்சு. மூணாவதா இருந்த 'நௌ அண்ட் தென்'தான் மக்கர் பண்ணிடுச்சு. பியானோ ஜானோட குரலை அமுக்குது, அது போதாதுன்னு பாட்டு முழுக்க கரண்ட் இரைச்சல், குரலை ஏத்துனா பியானோவும் சேந்து ஏறுது. மிச்ச மூணு பேரும் பாதியில விட்டுட்டாங்க.

ஆனா அப்ப ஜார்ஜ் ஹாரிசன் வாசிச்ச கிட்டாரை யாரும் அழிக்கல. 2001ல அவரும் போயிட்டார். அந்த டேப்பைப் பத்திரமா வச்சிருந்த ஒவ்வொருத்தருக்கும், இந்தப் பாட்டு வரட்டும்னு சம்மதம் குடுத்த ஜார்ஜோட மனைவி ஒலிவியா அம்மாவுக்கும் மகன் தானிக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். நாலு பேரும் இந்தப் பாட்டுல இருக்காங்கன்னா அது உங்களாலதான்.

அடுத்து நியூசிலாந்துல சினிமா டைரக்டர் பீட்டர் ஜாக்சன் சார், எமில் டி லா ரே, அவங்க சவுண்ட் டீம். பீட்டில்ஸோட 1969 டேப்புல ஒரே டிராக்ல பேச்சு, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் கலந்து கிடந்ததை 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காகப் பிரிச்சு எடுக்க ஒரு சாஃப்ட்வேரைப் பழக்குனாங்க, எது குரல் எது வாத்தியம்னு அதுவே கண்டுபிடிக்கற அளவுக்கு. அதுலயே ஜானோட கேசட்டைப் போட்டதும், முறத்துல புடைச்ச மாதிரி குரல் மட்டும் தனியா வந்துடுச்சு. ஏஐ பாடுன பாட்டுன்னு இன்னும் நிறைய பேர் சொல்லிட்டிருக்காங்க, தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. பாடினது ஜான். ஒரு எழுத்தைக்கூட மெஷின் பாடல, சுத்தி இருந்த சத்தத்தை எடுத்துவிட்டதோட அதோட வேலை முடிஞ்சுது.

பால் சார், உங்களுக்கு என்னன்னு சொல்றது... ஏறக்குறைய முப்பது வருஷம் இதை மனசுல வச்சிருந்து, எண்பது வயசுல உக்காந்து பேஸ் வாசிச்சு, நடுவுல ஜார்ஜ் பாணியிலயே ஒரு ஸ்லைடு கிட்டார் வாசிச்சீங்களே, அந்த இடம் வர்றப்பல்லாம் எனக்குத் தொண்டை அடைக்குது. ஜான் பாடியிருந்த ஒரு பகுதியை வெட்டிட்டீங்க, அதுல மட்டும் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஜானோட அந்தப் பழைய கேசட் பதிவை மொதல்லயே கேட்டிருக்கற ரசிகர்கள் நிறைய பேருக்கு இதே வருத்தம் இருக்கு. ஆனா முழுசா முடிச்சுக் குடுத்தது நீங்கதான், அதை மறக்க மாட்டோம். ரிங்கோ சார், அந்த டிரம்ஸ் ஆரம்பிச்ச உடனே இது பீட்டில்ஸ்தான்னு தெரிஞ்சுபோச்சு, நன்றி சார்.

கைல்ஸ் மார்ட்டினுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். அவங்கப்பா, பீட்டில்ஸோட தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இல்லாத பீட்டில்ஸ் ரெக்கார்டிங்க நினைச்சே பாக்க முடியாது, மகன் அந்த வழியிலயே வயலின், செல்லோ பகுதிகளை எழுதுனதுல சேந்திருக்கார். பின்னணிக் கோரஸுக்குப் புதுசா ஆள் தேடாம 'எலினார் ரிக்பி', 'பிகாஸ்', 'ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்'னு பீட்டில்ஸோட பழைய பாட்டுங்கள்ல இருந்தே அவங்க குரலை எடுத்துச் சேத்தாங்க பாருங்க, அதை விட நல்ல முடிவு இருக்க முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் கேபிடல் ஸ்டுடியோல வயலின், செல்லோ வாசிச்சவங்களுக்கு அது பீட்டில்ஸ் பாட்டுன்னே சொல்லலையாம், பால் சாரோட பாட்டுன்னுதான் நினைச்சு வாசிச்சிருக்காங்க. உங்களுக்கும் நன்றி, நீங்க வாசிச்சது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

1969க்கு அப்புறம் 54 வருஷம் கழிச்சு பிரிட்டன்ல அவங்க பாட்டு நம்பர் ஒன் ஆச்சு, 2025ல கிராமியும் கிடைச்சுது. மேடையேறி அதை வாங்கினது ஜானோட மகன் ஷான். அப்பா வீட்டுல பாடி வச்ச பாட்டுக்கு மகன் கையில விருது, அந்த வீடியோவை இன்னும் பாக்காதவங்க பாருங்க.

எல்லாருக்கும் மனசார நன்றி.

இப்படிக்கு,
பீட்டில்ஸ் ரசிகன்