கண்ணாடியை ஓபல் என்று விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஊட்டியில் ஒரு கடையில் என் பேத்திக்கு, பல நிறங்களில் மின்னும் ரத்தினக் கல்லான ஓபல் பதித்த லாக்கெட் என்று ஒன்று வாங்கினேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் மேலே நீலம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சு. ஓபலைட் என்னும் கண்ணாடிதான் அது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

சரி என்று, பல வருடமாகச் சேர்த்த பட்டை தீட்டாத அசல் ஓபல் கற்களை டப்பாவோடு எடுத்து அவள் முன் வைத்தேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கிடைக்கும் போல்டர் ஓபல் துருப்பிடித்த கல் மாதிரி இருக்கும்; வெடிப்பில் மட்டும் ஒரு பச்சைக் கீற்று மின்னும். மெக்சிகோ நெருப்பு ஓபலில் பெரும்பாலும் நிறங்கள் விளையாடாது, கல்லே கனலாக இருக்கும். எத்தியோப்பியாவின் வெல்லோ பகுதி ஓபலைத் தண்ணீரில் போட்டோம். நீரை உறிஞ்சித் தெளிந்து, நிறம் மங்கிப்போனது. நாலு நாள் காய்ந்ததும், கோடநாட்டில் மஞ்சு விலகுவது போல, பச்சையும் சிவப்பும் திரும்பி வந்தன. பேத்தி கை தட்டினாள். உள்ளே நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால் வரும் நிறங்கள் அவை. ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜ் ஊரில் கிடைக்கும் கருப்பு ஓபல் மட்டும் என்னிடம் இல்லை. அதன் விலை எனக்கு எட்டாது.

கண்ணாடி விற்பது தவறில்லை. ‘கண்ணாடி’ என்று சீட்டில் எழுதி விற்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
கோத்தகிரி