மதிப்பூதியத்தை இரட்டிப்பாக்கக் கேட்ட எங்கள் நகர்மன்றத்துக்கு

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவருக்கும், கட்சி வேறுபாடு இல்லாமல் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கட்சி வேறுபாடு இல்லாமல் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். குடிநீர் பிரச்சினைக்கோ, கால்வாய் அடைப்புக்கோ, பாலாற்றுக்குள் கொட்டும் குப்பைக்கோ நீங்கள் ஒரே குரலில் பேசி இந்த ஊர் பார்த்ததில்லை. போன கூட்டத்தில் பார்த்தது. மதிப்பூதியத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லி அரசைக் கேட்கும் தீர்மானம், பொருள் பட்டியலில் இல்லாமல் அன்றைக்கே மேசைப் பொருளாக வந்தது. எதற்கெடுத்தாலும் வெளிநடப்பு செய்கிறவர்கள்கூட அன்றைக்கு நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒருமனதாக நிறைவேறியது. அதே கூட்டத்தில், ஒப்பந்த ஏஜென்சி மூலம் நகராட்சிக்கு வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பாக்கி பற்றி ஓர் உறுப்பினர் கேட்டதற்கு, "அது ஏஜென்சி விவகாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

உங்களுக்குப் பணம் தருவதையே நான் எதிர்க்கவில்லை. 2023 ஜூலை முதல் நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000, துணைத் தலைவருக்கு 10,000, உறுப்பினருக்கு 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது நல்ல காரியம் என்று சொன்னவள் நான். மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. பீடி சுற்றுகிறவரும் ஷூ கம்பெனிக்குப் போகிறவரும் கவுன்சிலராக வேண்டுமானால், வேலையை விட்டுவிட்டு வார்டு சுற்றும் நாளுக்கு ஏதாவது கிடைக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் கான்ட்ராக்டர் மட்டும்தான் தேர்தலில் நிற்பார். (சில வார்டுகளில் கையெழுத்து மட்டும் அம்மாவுடையது, ஆபீசில் உட்கார்ந்து பேசுவதெல்லாம் அவர் வீட்டுக்காரர். இரட்டிப்பானால் இரண்டு பேருக்கும் சரியாகப் போகும் என்று கணக்குப் போட்டீர்களோ என்னவோ.)

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் எழுதமாட்டேன். எழுதினால் மறுநாளே மேஸ்திரி அவரை ஊர்க் கோடியில் இருக்கும் வார்டுக்குத் தூக்கிவிடுவார். பேட்டரி வண்டி பாதி நாள் ஓடாது, தள்ளிக்கொண்டுதான் வருவார். கையுறை அவர் காசில் வாங்கியது.

ஒரு நாள் காலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "டீச்சரம்மா, இந்த பி.எஃப். நம்பர் இன்னான்னு கொஞ்சம் பாத்து சொல்றீங்களா? மாசா மாசம் புடிச்சிக்கினேதான் இருக்காங்க, எங்க போவுதுன்னே தெரியலை" என்று போனை நீட்டினார். சம்பளச் சீட்டு என்று ஒன்று இல்லை. மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்தான். பெரிய தாளை மேலிருந்து சாய்வாக எடுத்திருந்தார்கள், பாதி எழுத்து மங்கல். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேராக வேலை நாள், மொத்தக் கூலி, பி.எஃப். பிடித்தம், கையில் வருவது, எல்லாம் இருந்தது. பி.எஃப். கணக்கைப் பார்க்கத் தேவையான யு.ஏ.என். எண் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் காலி. அவருக்கு மட்டுமல்ல, அந்தப் படத்தில் தெரிந்த எல்லாப் பெயருக்கும் காலி.

அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கோளாறு. வைத்தியச் செலவுக்கு பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், எடுக்கலாம். எண் இருந்தால். மருத்துவத்துக்கான ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு அட்டையாவது இருக்கிறதா என்றேன். "அதுக்கு போட்டோ குடுத்தேம்மா, போன வருசம்" என்றார். காதில் கிடந்த கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும் நாளெல்லாம் கூலி வெட்டு.

ஆண்டுதோறும் கலெக்டர் தினக்கூலி நிர்ணயித்து உத்தரவு போடுகிறார். அது உங்கள் அலுவலகம் வரைக்கும் வருகிறது. அதற்கு மேல், அந்த அம்மாவின் கையில் வந்து சேரும் தொகையைப் பார்த்தால், ஏஜென்சிக்கு அந்தத் தாள் போய்ச் சேர்ந்ததாகவே தெரியவில்லை. சம்பளத் தேதியோ கேட்கவே வேண்டாம். பத்தாம் தேதி என்பார்கள், இருபதைத் தாண்டும்.

"அது ஏஜென்சி விவகாரம்" என்றீர்கள். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலையை ஒப்படைத்தவரே கொடுத்துவிட்டு, அதை ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். பி.எஃப். கட்டாவிட்டாலும் பொறுப்பு உங்களிடம்தான் வந்து நிற்கும். டெண்டர் விட்டது நகராட்சி, பில்லில் கையெழுத்துப் போடுவது நகராட்சி, குப்பை நகராட்சியுடையது. சம்பளம் மட்டும் ஏஜென்சி விவகாரமா?

எனவே நான் கேட்பது ஒன்றுதான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய சலானும், பணியாளர்களின் வங்கிக் கணக்கில் கூலி ஏறியதற்கான சான்றும் இணைக்காமல் ஏஜென்சியின் எந்த மாதப் பில்லும் பாஸாகாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். உங்கள் மதிப்பூதியத் தீர்மானம் சென்னைக்குப் போவதற்கு முன்னால் போடுங்கள்.

மேலே இருக்கிறவர்கள் காட்டிய வழியில்தான் நீங்களும் போகிறீர்கள் என்பது தெரியும். 2017-இல் எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் 55,000-லிருந்து 1,05,000 ரூபாய் ஆனது. 2025 மார்ச்சில் எம்.பி.க்களுக்கு ஒரு லட்சம் 1,24,000 ஆனது, அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து கணக்குப் போட்டு அரியருடன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசியை ஒட்டித் தானாகவே ஏறும்படி 2018-இலேயே சட்டம் செய்துகொண்டார்களாம். 2022-இல் சொத்து வரியை ஏற்றியபோது என் வீட்டுக்கு 50 சதவீதம் கூடியது. கட்டினேன். நகராட்சி நடக்க வேண்டாமா என்று நினைத்துத்தான் கட்டினேன். அதே ஆண்டு வேலூரில், நிறுத்தி வைத்திருந்த பைக்கையும் சேர்த்து கான்கிரீட் ரோடு போட்டார்கள். அடிபம்பை உள்ளே வைத்தே கால்வாய் கட்டினார்கள். ஊரே சிரித்தது. ஓரமாக நகர்த்தி வைக்கக்கூட நேரமில்லாத அளவுக்கு இந்தப் பக்கத்தில் வேலை வேகமாக நடக்கிறது என்று நாமும் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு சம்பளப் பட்டியலுக்கு வந்தால் போதும்.

சரி, பேச்சு எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்பான மதிப்பூதியத்தை அரசு கொடுத்தாலும், நகராட்சிப் பொது நிதியிலிருந்து எடுத்தாலும், வரி கட்டுகிறவர்கள் பணம்தான் அது. அதில் உங்களுக்குப் பங்கு கேட்க உங்களுக்கு வாயிருக்கிறது, மன்றமிருக்கிறது. விடியற்காலையில் வண்டி தள்ளுகிறவருக்கு இரண்டும் இல்லை. ஏற்றிக் கொடுங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. பிடித்தது எங்கே என்றுதான் கேட்கிறார்.

அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் முதல் பொருளாக இதைச் சேர்க்கும்படி தலைவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சலான் இல்லாமல் பில் இல்லை என்று ஒரு வரி போதும், அதை எழுத வக்கீல் வேண்டாம். யார் முன்மொழிகிறீர்கள், யார் வழிமொழிகிறீர்கள் என்பதை மட்டும் கூட்டத்துக்கு முன்பே வார்டு மக்களுக்குச் சொல்லிவிடுங்கள். அந்த யு.ஏ.என். எண்களை அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை